பல்லி சிபாரிசு செய்த புத்தகங்கள்

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன். ஒரு நூலகத்துக்குள்ளே மழைத்தண்ணி ஏறிக்கொண்டிருந்தது. தரையோரம் ஒரு சுண்டெலி, கண் திறக்காத நாலு குட்டிகளோடு தவித்தது. சுவரில் ஒரு பல்லி. பல்லி சொன்னால் நல்ல சகுனம் என்று எல்லாரும் நம்பப்போய், அது புத்தகச் சிபாரிசுக்கே கிளம்பிவிட்டது.

“பல்லியண்ணே, குட்டிங்க முழுகிடும். ஒரு வழி சொல்லுங்க!”

“முதல்ல வெள்ள விஞ்ஞானம் படி தங்கச்சி, ஆறு பாகம். அப்புறம் கடலுக்கடியில ஊர் கட்டுற நாவல். பிரமாதம், ச்சு ச்சு!”

“நீங்க படிச்சீங்களா?”

“படிச்சுக்கிட்டிருந்தா சிபாரிசு பண்ண நேரமேது? எல்லாம் தடிப் புத்தகம், கெட்டி அட்டை. போதாதா?”

“தாராளமாப் போதும்ணே.”

சுண்டெலி ஆறு பாகத்தையும் இழுத்து அடுக்கி, உச்சியில் நாவலை வைத்து, குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி அதன்மேல் ஏற்றியது.