கோலுக்கு முன்பே

அப்பா ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டுதான் டிவியில் ஆட்டம் பார்ப்பார். ரேடியோவில் கோல் முதலில் வந்துவிடும். அவர் கத்திய பிறகுதான் படத்தில் பந்து உள்ளே போகும்.

"வாய மூடுய்யா, நெல்சன்" என்பாள் அம்மா.

அவர் இறந்து மூன்று வருடமாகியும், கோலுக்கு முன்பே அவர் குரல் அந்தப் பழைய டிவிக்குப் பின்னாலிருந்து வந்தது. அம்மாவும் திட்டிக்கொண்டே இருந்தாள்.

போன வாரம் டிவி புகைந்து நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் நடக்கும் நேரமாகப் பார்த்து, அம்மா கக்கத்தில் மாத்தே டீ ஃப்ளாஸ்க்கோடு என்னைப் பைசாண்டூ டவுனில் ஒரு டிவி கடைக்கு அழைத்துப்போனாள். கடைச் சுவர் முழுக்கத் தட்டை டிவிகள். எல்லாவற்றிலும் அதே ஆட்டம், சத்தமில்லாமல். அம்மா ஒவ்வொன்றின் பின்னாலும் காதை வைத்து நின்றாள்.

"படத்தப் பாருங்க சென்யோரா, டிவிக்கு என்ன காய்ச்சலா?" என்று சிரித்தான் கடைக்காரன்.

கடைசி வரிசையில் ஒரு சின்ன டிவியருகே அம்மாவின் முகம் மாறியது. எனக்கும் கேட்டது.

"வாய மூடுய்யா" என்றாள் மெதுவாக. பிறகு கடைக்காரனிடம், "இதையே கட்டிக் குடுங்க."

"ஐயோ, அது சும்மா பார்வைக்கு வச்சது. ஸ்பீக்கரே கிடையாது."

அவன் சொல்லி முடித்தபோது எல்லா டிவிகளிலும் பந்து வலைக்குள் போனது.