முதல் உருண்டை

அவள் நாயின் உதட்டை விலக்கிப் பார்த்தாள்.

ஈறு நேற்றைவிட வெளுத்திருந்தது.

நாய் வாலை ஒருமுறை ஆட்டியது. அதற்கே மூச்சு வாங்கியது.

தறிப்பட்டறையிலிருந்து கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. நாயைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினாள்.

"என்னம்மா போடறீங்க இதுக்கு?" என்றார் கால்நடை மருத்துவர்.

"நாங்க சாப்பிடறதுதானுங்க."

"சின்ன வெங்காயம் போடுவீங்களா?"

"குழம்புல போடாம எப்படிங்க?"

"அதுஞ்சரி. நம்மூர்ல வெங்காயம் போடாம காப்பி மட்டுந்தான் வைப்பாங்க." நாயின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். சிரிப்பு நின்றது. "தெனமும் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போனாப் போதும். நாய் ரத்தத்தைக் கரைச்சிரும். வெங்காயம், பூண்டு, ரெண்டும் ஆகாது."

ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். வேகவைத்த ஈரல். முட்டை. பூசணி. கேரட். குழைய வடித்த சோறு.

"தனியா ஆக்கிப் போடுங்க. பத்து நிமிஷ வேலை."

தனியாக.

அதுதான் முடியாது.

ஆடியில் ஜோசியர் கணவரின் ஜாதகத்தைப் பார்த்துச் சொன்னார். உயிருக்குக் கண்டம். வீட்டுக்குள்ளிருந்தே வரும். தை பிறக்கும்வரை கவனம். பரிகாரமாகத் தினமும் ஒரு நாய்க்குச் சோறு வையுங்கள்.

தெருநாய்க்கு வைத்தாலே போதும். அவர் ஒரு நாயைப் பிடித்துவந்து கொல்லையில் கட்டினார்.

அவள் பரிமாறுவாள். அவர் தன் தட்டிலேயே முதல் உருண்டையைப் பிடித்து நாய்க்கு வைப்பார். பிறகு எச்சில்படாத கையோடு உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரம். குழம்பு ஆறி ஏடு படியும். நாய் எழுந்து நடந்தால்தான் சாப்பிடுவார்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் மதில்மேல் எட்டிப் பார்த்தாள். "உங்கூட்டுக்காரருக்கு அந்த வாயில்லாச் சீவன்மேல என்ன பாசம் பாரேன்! எங்கூட்டுலயும் ஒண்ணு இருக்குதே, எனக்கு ஒரு வாய் வெச்சதில்லை."

அவள் சிரித்துவைத்தாள்.

இப்போது நாய் இளைத்துக்கொண்டே போகிறது. போன வாரம் அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

அன்றிலிருந்து அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு படுக்கிறார். கொல்லையில் செருகியிருக்கும் கொடுவாளும் அந்த அறைக்குள் போய்விட்டது.

நாய் செத்தால் அவர் வேறு விளக்கத்துக்குக் காத்திருக்கமாட்டார். வெங்காயம் நாய்க்கு விஷம் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். அவர் சிரிக்கவும் மாட்டார். நாய்க்குத் தனிச்சோறு ஆக்கினாலோ, அதுவே சாட்சி.

அவள் வெங்காயக் கூடையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள்.

நாய்க்கு ஆகிறதையே எல்லோருக்கும் ஆக்கினாள். ஈரலை மிளகு தட்டி வேகவைத்தாள். பூசணியைப் பருப்போடு குழைத்தாள். முட்டையை அவித்தாள். உப்பைப் பாதியாக்கினாள். தட்டில் எதைத் தொட்டு உருண்டை பிடித்தாலும் அது நாய்க்கு மருந்தாக இருக்கவேண்டும்.

காலையில் அவர் போனதும் கொல்லைக்கு ஓடி உதட்டை விலக்கிப் பார்ப்பாள்.

எட்டாம் நாள் ஈறில் சிவப்பு தெரிந்தது. நாய் ஒரு காக்கையைப் பார்த்துக் குரைத்தது. அவள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதாள்.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை.

அவர் உருண்டையை வைத்தார். நாய் விழுங்கியது. தரையையும் நக்கியது. துள்ளி எழுந்தது.

அரை மணி ஆயிற்று. அவர் சாப்பிடவில்லை.

"வெங்காயம் எங்க?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஒம்பது நாளா இல்லை. நானும் பாத்துட்டுத்தான் வர்றேன்."

மறைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. சீட்டை எடுத்து நீட்டினாள்.

படித்தார். மடித்தார். மறுபடி பிரித்துப் படித்தார்.

"அப்ப, நாய்க்கு எது ஆகும், எது ஆகாதுன்னு உனக்கு நல்லாத் தெரியும்."

"டாக்டர் எழுதினதுங்க. நாய் சாகக் கெடந்துதுங்க, அதனாலதான்..."

"நாய்க்கு ஆகாதது மனுசனுக்கு ஆகுது. அப்படின்னா, நாய்க்கு ஆகறது?"

அவர் குரலில் கோபம் இல்லை.

அவர் எழுந்துபோய்ச் சங்கிலியைக் கழற்றினார். நாயைத் தெருவில் விரட்டிவிட்டுத் திரும்பும்போது மகளும் உள்ளே வந்தாள். அரை நாள் பள்ளி. ஏழு வயது. முதுகில் பை.

"யாழினி, வா கண்ணு. அப்பா ஊட்டிவிடறேன்."

குழந்தை அம்மாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒருநாளும் ஊட்டியதில்லை. பையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாயை அகலத் திறந்தாள்.

நாக்கு ரத்தச் சிவப்பாக இருந்தது.

உதட்டோரம் மிளகாய்த்தூள். பள்ளி வாசலில் மாங்காய்க் கீற்றும் கலர் ஐசும் விற்பார்கள். தின்றால் ஒரு மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருளும் உடம்பு குழந்தைக்கு. திங்கக் கூடாது என்று போன மாதம்தான் அம்மாவிடம் விசிறிக் காம்பால் அடி வாங்கியிருந்தாள்.

அவர் உருண்டையை மகள் வாயில் வைத்தார். கண்ணை மனைவிமேல் வைத்திருந்தார்.

அவள் மகளருகே மண்டியிட்டாள்.

"பள்ளிக்கூடத்துல என்ன கண்ணு தின்ன? அப்பாகிட்டச் சொல்லு. அம்மா அடிக்கமாட்டேன்."

குழந்தை அவசரமாக விழுங்கினாள். புறங்கையால் உதட்டை அழுத்தித் துடைத்தாள்.

"ஒண்ணுமே திங்கலம்மா. சாமி சத்தியமா."