கரையை இடித்தவர்

"என்ன கேப்டன், கரை இருந்த இடத்துலதானே இருந்துச்சு? இன்னிக்கு எதிர்ல நடந்து வந்துச்சா?"

ஐஸ்காரர் கேட்டதும் மீன் இறங்குதளத்தில் நின்றிருந்த மொத்தக் கூட்டமும் கொல்லென்று சிரித்தது.

சிரிக்காதவர் ஏலக்காரர் ஒருவர்தான். அவர் கணவாய்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருந்தார். படகு வந்து முட்டிய வேகத்தில் தளம் ஒரு குலுங்கு குலுங்க, கால் வழுக்கி நேராக அதற்குள் விழுந்திருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கணவாய் மை. அடுக்கி வைத்திருந்த கூடைகள் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. தளத்தின் ஓரப்பலகை ஒன்று இரண்டாகப் பிளந்து தொங்கியது.

படகை ஓட்டும் கண்ணாடி அறையிலிருந்து முதலில் வெளியே குதித்தவர் கேப்டன். பின்னாலேயே அவர் மனைவி, முகம் வெளிறிப்போய் வந்தாள்.

கேப்டன் என்பது அந்தத் துறைமுகமே அவருக்கு வைத்த பெயர். சின்னப் படகுதான், கணவனும் மனைவியுமாகத்தான் கடலுக்குப் போய் வருவார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் அந்தப் படகு இன்னொரு படகை உரசியதுகூடக் கிடையாது. நெருக்கடியான இடத்தில் படகை நிறுத்த முடியாமல் திணறுகிறவர்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

"கண்ணாடியில வெயில் அடிச்சுது. உள்ள யார் இருக்காங்கன்னே எங்களுக்குத் தெரியலை. உங்களுக்கும் கண்ணு கூசிடுச்சா?" என்று பெரிய மனதோடு காரணம் தேடிக் கொடுத்தார் வலைக்காரர்.

"கண்ணு நல்லாத்தாங்க இருந்துச்சு. புத்திதான் கூசிடுச்சு" என்றார் கேப்டன். "கரையைத் தள்ளி நின்னே பார்த்துப் பழகிட்டேன் பாருங்க. இன்னிக்கு ஒருநாள் கட்டிப்பிடிச்சுப் பார்ப்போமேன்னு ஆசை வந்துடுச்சு."

மறுபடியும் சிரிப்பு. இரண்டு பேர் ஏலக்காரரைக் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

"அண்ணே, உங்க சட்டையை நானே துவைச்சுத் தர்றேன். அதையும் எங்கயாவது இடிச்சுக் கிழிக்காம இருந்தா சரி" என்றார் கேப்டன்.

ஏலக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மனைவி முன்னால் வந்தாள். "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. இது அவர் இல்லை..."

"கேட்டீங்களா? 'இது அவர் இல்லை, அவரோட மூளை இன்னும் கடல்லயே கிடக்கு'ன்னு சொல்ல வர்றா. வீட்டுல தினமும் வாங்குற அர்ச்சனைதான், இன்னிக்குப் பொதுவுல."

"பாவம், அந்தம்மா அழவே ஆரம்பிச்சிட்டாங்க" என்று யாரோ சொன்னார்கள். "புருஷனுக்கு இப்படி ஒரு தலைகுனிவுன்னா யாருக்குத்தான் மனசு கஷ்டமா இருக்காது?"

அதற்குள் துறைமுக அதிகாரி வந்துவிட்டார். பிளந்த பலகையைப் பார்த்தார். கேப்டனைப் பார்த்தார்.

"ஊதுங்க."

ஊதினார். அதிகாரி மூக்கைச் சுளித்தார்.

"மீன் நாத்தம்தான் அடிக்குது. குடிக்கலை, தூங்கலை, அலையும் இல்லை. அப்புறம் எப்படி?"

"அதுதாங்க எனக்கும் விளங்கலை. குடிச்சிருந்தாலாவது ஒரு கௌரவமான காரணம் இருந்திருக்கும்."

"விளையாடாதீங்க. தளத்துல ஒரு ஆள் ஓரமா நின்னிருந்தா என்ன ஆகியிருக்கும்?"

கேப்டன் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. தலையைக் குனிந்துகொண்டார்.

"ஐயா, நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள் மனைவி. "தப்பு..."

"தப்பு என் மேலதான்னு அவளே சொல்றா, பாருங்க. கட்டின பொண்டாட்டியே சாட்சி சொன்ன பிறகு விசாரணை எதுக்குங்க?" என்று இடைமறித்தார் கேப்டன்.

அதிகாரி யோசித்தார். "பலகையை நீங்களே மாத்திக் குடுக்கணும். இந்தப் பருவம் முடியிற வரைக்கும் நீங்க சுக்கானைத் தொடக்கூடாது."

அப்படி ஒரு தண்டனையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப எங்க பொழைப்பு?"

"உங்க வீட்டம்மாதான் போன மாசம் லைசென்ஸ் வாங்கிட்டாங்களே. அவங்க ஓட்டட்டும். உங்களைவிட மோசமாவா ஓட்டிடப் போறாங்க?"

ஐஸ்காரர் கைதட்டினார். "அப்ப இனிமே அண்ணிதான் கேப்டன்! அண்ணே, நீங்க வலை இழுங்க."

கேப்டன் மனைவியைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். சிரித்துக்கொண்டே கூட்டம் கலைந்தது. ஏலக்காரர் கறுப்புச் சட்டையோடு விலை கூவத் தொடங்கினார்.

கணவனும் மனைவியும் படகில் தனியானார்கள். அவர் குனிந்து, நசுங்கிப்போன முன்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இத்தனை வருஷப் பேரு. ஒரே காலையில எல்லாரும் சிரிக்கிற மாதிரி ஆக்கிக்கிட்டீங்களே!"

"சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. எனக்கே சிரிப்பு வருது."

"எனக்கு வரலை." அவள் குரல் உடைந்தது. "நான் கெஞ்சினேன்னு இன்னிக்குத்தான் முதல்முதலா கரை சேர்க்கச் சுக்கானை என் கையில குடுத்தீங்க. இடிச்சது நான். ஏங்க அதை என்னைச் சொல்லவே விடலை?"

"நான் இடிச்சேன்னா, கேப்டன் இடிச்சிட்டான்னு நாலு நாள் சிரிப்பாங்க. நீ இடிச்சேன்னு தெரிஞ்சா, பொம்பளைங்களே இப்படித்தான்னு காலம் பூராவும் சொல்லுவாங்க!"