உளவியல் படித்த வீடு

"குறுகிய கால நினைவுல ஒரே நேரத்துல எத்தனை விஷயம் நிக்கும்?" காரை ஓட்டிக்கொண்டே கேட்டாள் ஹிலரி.

பின் இருக்கையில் இருந்த மகள் இமோஜன் வாயைத் திறப்பதற்குள், முன் இருக்கையில் இருந்த அப்பா கிளைவ் முந்திக்கொண்டார். "ஏழு! ரெண்டு கூடலாம், ரெண்டு குறையலாம்."

"உங்களை யாருங்க கேட்டா? பரீட்சை அவளுக்கு."

"குழந்தை பதட்டத்துல இருக்கா. பதட்டத்துல நினைவு தடுமாறும். நீ அந்தப் பாடத்தைச் சரியாப் படிக்கல."

மேல்நிலை வகுப்பில் மகள் உளவியல் எடுத்ததும், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்த அந்த வீட்டில் அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு பாடப்புத்தகம் வாங்கிவிட்டார்கள். விடுமுறைக்குப் போன கடற்கரையில்கூட அதைத்தான் படித்தார்கள். சண்டை வந்தால் கோட்பாடு சொல்லித் திட்டிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் மனதையெல்லாம் அலசிக் காயப்போட்டார்கள்.

பள்ளி வாசலில் கார் நின்றது.

"பயப்படாதே கண்ணு," என்றாள் ஹிலரி. "உன் மனசுல என்ன ஓடுதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

இமோஜன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எனக்கு இன்னைக்குப் புவியியல் பரீட்சைம்மா. உளவியலைப் போன வருஷமே விட்டுட்டேன்."

கிளைவ் மடியில் விரித்து வைத்திருந்த உளவியல் புத்தகத்தை மெல்ல மூடினார். ஹிலரிக்கு முகம் சிவந்துவிட்டது.

"போன வருஷமா? எங்ககிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னேனே! சாப்பிடும்போது மூணு தடவை சொன்னேன். பெத்தவங்களுக்கும் பிள்ளைக்கும் உள்ள பாசப்பிணைப்புன்னு ஒரு பாடம் வருமே, அதுல நீங்க ரெண்டு பேரும் மூழ்கியிருந்தீங்க. ஒருத்தர்கூட என்னை நிமிர்ந்து பார்க்கல."