நாய் பார்க்கப் போகும் டாக்டர்

"டாக்டர் போயிட்டாகளா? மணி நாலுதான ஆகுது?"

பிச்சையம்மாள் கேட்டபோது அவள் இடுப்பில் ஏழு வயது மகன் தொங்கிக்கொண்டிருந்தான். கழுத்து நிற்காத பிள்ளை. பிளவக்கல்லிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

"இப்பத்தான் கெளம்பினாக," என்றார் கம்பவுண்டர் ஞானதுரை. "வியாழக்கிழமைன்னா நாலு மணிக்கு அவிய ராஜபாளையம் போயிருவாக."

"அங்கயும் ஆஸ்பத்திரி இருக்கா?"

"நாய் பாக்கப் போறாக."

அவளுக்குப் புரியவில்லை. ஞானதுரை எழுந்தார். மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் குடுகுடுவென்று ஓடும் டாக்டர் காசிராஜனாகவே நாலு அடி நடந்து காட்டினார். அவ்வளவு களைப்பிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

யாரை ஒரு தடவை பார்த்தாலும் ஞானதுரைக்கு அந்த நடை அப்படியே வந்துவிடும்.

சிரிப்பு அடங்கியதும் ஞானதுரைக்குக் கோபம் வந்தது. மடவார் வளாகத்தில் தர்மத்துக்கு நடக்கும் சின்ன மனநல ஆஸ்பத்திரி அது. மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பார்ப்பதற்கென்றே இருபத்திரண்டு வருஷமாக அங்கே கிடக்கிறார் காசிராஜன். மதுரைக்குப் போயிருந்தால் பங்களா கட்டியிருக்கலாம், கல்யாணமும் பண்ணியிருக்கலாம் என்று ஊர் சொல்லும். அப்பேர்ப்பட்ட மனுஷருக்கு இந்த வயதில் நாய்க் கிறுக்கு.

"இதுல ஒரு கைநாட்டு வையி ஆத்தா." ஞானதுரை மனுவை நீட்டினார். பதினெட்டுத் தாய்மார் ஏற்கெனவே வைத்திருந்தார்கள். "நாளைக்குக் கமிட்டி கூடுது. வேற டாக்டரப் போடச் சொல்லுவோம். உம்புள்ளய விட நாய் ஒசத்தியாப் போச்சா?"

பிச்சையம்மாள் விரலை நீட்டவில்லை. "அவிய நாய் பாக்கதை நீங்க கண்ணால கண்டீகளா?"

ஞானதுரைக்குச் சுருக்கென்றது. "இன்னைக்கே பாத்துட்டு வாரேன்."

"பாத்துட்டு வந்து சொல்லுங்க. பொறவு வைக்கேன்."

பஸ் ஸ்டாண்டில் டாக்டர் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார். அவர் முன்வாசலில் ஏற, ஞானதுரை பின்வாசலில் ஏறினார்.

ராஜபாளையத்தில் இறங்கி டாக்டர் திரும்பிய தெரு ஞானதுரைக்குத் தெரிந்த தெரு. நின்ற வாசலும் தெரிந்த வாசல். அவருடைய தங்கை கிருபாபாயின் வீடு.

"ராஜரத்தினம், வெள்ளை நாய் இப்ப ஒழுங்கா சாப்பிடுதா?" டாக்டர் தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுத்தார்.

"வாங்க சார், நீங்களே வந்து பாருங்க." மச்சான் ராஜரத்தினம் கதவைத் திறந்தார். மில்லில் ஃபிட்டர். நாய் வளர்த்து விற்பதும் உண்டு.

இங்கேயா வருகிறார்? டாக்டரும் மச்சானும் ஒரு வார்த்தை சொன்னதில்லையே.

ஒன்பது வருஷமாகக் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் இந்த வீட்டில் வந்து சாப்பிடுகிறவர் ஞானதுரை. நடுவீட்டைத் தாண்டிப் போனதில்லை. பின்கட்டில் நாய் அவிழ்ந்து கிடக்கு, புது ஆளைக் கண்டால் குதறிப்போடும் என்பார் மச்சான். டாக்டரை மட்டும் குதறாதோ?

ஞானதுரை விறுவிறுவென்று உள்ளே நுழைந்து பின்கட்டுக் கதவைத் தள்ளினார்.

எந்த நாயும் குரைக்கவில்லை.

பாயில் டாக்டர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு சிறுமி. ஒன்பது வயது இருக்கும். மடங்கிப்போன விரல்களுக்குள் கரண்டி. அதில் தயிர்ச்சோறு. டாக்டர் ஆவென்று வாயைத் திறந்து காத்திருந்தார். கரண்டி ஆடி ஆடி அவர் கன்னத்துக்குப் போனது. அடுத்து காதுக்கு. சட்டையெல்லாம் சோறு. மூன்றாவது முறை வாய்க்குள் போயிற்று.

"சபாஷ். இனி உன் வாய்க்கு ஒண்ணு."

சிறுமி தலையை உலுக்கிச் சிரித்தாள். வெள்ளை நாய் ஒன்று அவள் மடியில் முகத்தை வைத்துப் படுத்திருந்தது.

அந்த நெற்றியையும் தாடையையும் ஞானதுரைக்குத் தெரியும். செத்துப்போன அவருடைய அம்மாவின் முகம்.

"யாரு இது?" ஞானதுரை ஒரு அடி முன்னால் வைத்தார்.

டாக்டர் திரும்பவில்லை. "மெதுவா, ஞானதுரை. இன்னைக்குத்தான் தானா சாப்பிட ஆரம்பிச்சிருக்கா."

அடுப்படி வாசலில் கிருபாபாய் நின்றாள். "பரிபூரணம். நம்ம அம்மா பேருதான் வச்சிருக்கோம்."

"நாகர்கோவில்ல பெறந்த மூணாம் நாளே பிள்ள தவறிருச்சுன்னு..."

"அப்படிச் சொல்லிட்டோம்."

அந்தப் பிள்ளைக்காகக் கோயிலில் முழங்கால் போட்டு அழுதவர் ஞானதுரை. அப்படியே சுவரில் சாய்ந்தார். சட்டைப் பையில் மனு மடங்கி நொறுங்கியது.

"ஏட்டி, ஊருக்கு மறைச்சே, சரி. எங்கிட்ட ஏன் மறைச்சே? நான் பொழுதன்னைக்கும் இந்தப் பிள்ளைகளோட கெடக்கவன். என்னை விட யாருக்குட்டி இது புரியும்?"

"உங்ககிட்ட மறைக்கத்தான் அண்ணே, ஊருக்கே மறைச்சோம். உங்க காதுக்குப் போகக்கூடாதுன்னு டாக்டர்கிட்ட சத்தியம் வாங்கினேன். நாய் பாக்க வாரதாச் சொல்லிக்கிடுதேன்னு அவியதான் சொன்னாக."

"நான் என்னட்டி செஞ்சேன் ஒனக்கு?"

கிருபாபாய் குனிந்து மகளின் வாயை முந்தானையால் துடைத்தாள். அவள் குரலில் கோபம் இல்லை.

"ஆஸ்பத்திரிப் பிள்ளைக எப்படி நடக்கும், எப்படிச் சோறு திங்கும்னு ஒரு கிறிஸ்துமஸுக்கு நடுவீட்டுல நடிச்சுக் காட்டினீகளே, ஞாபகம் இருக்கா? அப்ப இவ என் வயித்துல எட்டு மாசம். நானும்தான் விழுந்து விழுந்து சிரிச்சேன், அண்ணே."