அரைச் சேலை

“‘புழுவுக்குத் தீனி போடவும் தாமசமாகுது, அவ சேலையும் வரவரக் குட்டையாகுது’ன்னு எங்க வீட்டுக்காரரே சொல்லிட்டாங்க. எனக்குத்தான் மானம் போகுது, இசக்கி.”

நான் சொன்னதைக் கேட்டு இசக்கியம்மா தலை குனிந்தபடி மல்பெரி இலைக் கூடையை இறக்கினாள். சேலை முழங்காலைத் தாண்டவில்லை. முந்தானை என்று சொல்ல ஒரு முழம்கூட இல்லை.

“வேற சேலை இல்லையாட்டி?”

“இருந்தது இதுதாம்மா.”

“பாதியை வித்துத் தின்னுட்டியா?”

அவள் குனிந்தபடியே இலைக் காம்புகளைக் கிள்ளத் தொடங்கினாள்.

மிஷன் துரைசாணி கொடுத்த பட்டுப்புழுக்கள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் வளர்ந்தன. இந்த முறை நல்ல கூடு கட்டினால், பாளையங்கோட்டையில் பத்துப் பெண்களுக்கு இதே வேலை தருவதாகச் சொல்லியிருந்தார். பட்டியலில் முதல் பெயர் இசக்கியுடையது. கொள்ளேகாலத்தில் புழு வளர்த்துப் பழகியவள் என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

வேலையில் கைக்காரிதான். கடுகளவு புழுவுக்குக் கொழுந்தைப் பொடிப்பொடியாக அரிந்தாள். புழு தோலுரிக்க உறங்கியபோது தீனியை நிறுத்தினாள். நாலாம் உறக்கம் முடிந்ததும் முற்றிய இலையை முழுசாகப் போட்டாள்.

சுத்தத்தில் மட்டும் எனக்கு நம்பிக்கையில்லை. கான்வென்டில் படித்தவள் நான். கழுவாத கறிவேப்பிலைகூட என் அடுப்படிக்குள் நுழையாது. “ஒவ்வொரு இலையையும் தண்ணியில அலசித்தான் போடணும்” என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

“அம்மா, இலை நனைஞ்சா...”

“சுத்தத்தைப் பத்தி எனக்கு நீ பாடம் எடுக்காதே.”

“சரிம்மா.”

என் கண் முன்னால் அலசுவாள். கூடையோடு புழு அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவாள். வெளியே வர ஒரு மணி நேரமாகும்.

“எதுக்குட்டி கதவைச் சாத்துத?”

“புழுவுக்குக் காத்து ஆகாதும்மா.”

சோம்பேறி, உள்ளே சாய்ந்து கிடக்கிறாள் என்றே நினைத்தேன். சேலையைப் பற்றிக் கேட்ட அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

“நாளையிலிருந்து வராதே. பட்டியல்லயும் உன் பேரை அடிச்சிருதேன்.”

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். “இனித்தான்மா புழு அகோரமா தின்னும். அஞ்சு நாள்ல கூடு கட்டிரும். அதுவரைக்கும் இருக்கட்டுமா?”

“ஏன், எனக்குக் கையில்லையா?”

போய்விட்டாள்.

நானே அலசினேன், நானே போட்டேன். பத்தே நிமிஷம். வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் புழுக்கள் துவண்டு, தண்ணீராய்க் கழிந்து, கறுத்துச் செத்தன. ஒரே ஒரு தட்டுப் புழு மிச்சம்.

செத்ததை அள்ள, மூங்கில் தட்டுகளை நகர்த்தினேன். அவற்றுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு கயிறு. கயிறு நிறையத் துணித்துண்டுகள், கையகலத்துக்குக் கிழித்து, துவைத்து உலரப்போட்டவை. எல்லாவற்றிலும் இலைப் பச்சை ஏறியிருந்தது. ஒரு துண்டில் மட்டும் கரை இருந்தது. இசக்கி சேலையின் சிவப்புக் கரை.

நான் நனைத்ததையெல்லாம் அவள் இலை இலையாகத் துடைத்திருக்கிறாள்.

என் சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு வண்ணார்பேட்டைக்கு நடந்தேன். அவள் வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அதே அரைச் சேலையில், முதுகைக் காட்டி உட்கார்ந்து உரலில் எதையோ இடித்துக்கொண்டிருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மறுபடி இடிக்கத் தொடங்கினாள்.

கொண்டுபோன சேலையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

“ஒரு தட்டு உயிரோட இருக்கு, இசக்கி. வந்து இலையைத் துடைச்சுத் தாட்டி.”