வாக்குக் கொடுத்த பெயர்

“இப்ராஹிம் நானா வந்ததும் தம்பியத் தூக்கி அவரு மடியில குடுத்துருவோம். அவருதான் காதுல மூணு தரம் பேரச் சொல்லணும்” என்றான் கேதீசன்.

தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு அவனுடைய அப்பாவைப் பார்த்தார்கள். வேலாயுதம் மகனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். குழந்தை பிறந்த மறுநாளிலிருந்தே அப்பனும் மகனும் நேருக்கு நேர் பேசுவதில்லை.

“கோபிகா, ஒம் புருசங்கிட்ட சொல்லு. பேரனுக்குத் தாத்தா பேருதான் வைக்கணும். எங்க தாத்தாவும் வேலாயுதந்தான். கடலுக்கு அக்கரையிலேருந்து வந்தப்ப அவருகிட்ட இருந்த ஒரே சொத்து அந்தப் பேருதான்.”

“கோபிகா, அப்பாகிட்ட சொல்லு. நான் சத்தியம் பண்ணிட்டேன்.”

பாவம் கோபிகா. மாமனாருக்கும் புருஷனுக்கும் நடுவில் தந்தி ஆபீஸ் நடத்தி அலுத்துப்போயிருந்தாள். இந்தச் சண்டையில் பிள்ளைக்கு முப்பது நாள் கழிந்தும் ‘தம்பி’ என்பதைத் தவிர வேறு பெயரில்லை.

எல்லாம் அந்த மழைநாளில் வந்த வினை. அவளுக்கு வலி எடுத்த நேரம் பார்த்துத் தோட்டத்து ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. லொறி வர வழியில்லை, ஆம்புலன்ஸும் வரவில்லை. கேதீசன் ரோட்டுக்கு ஓடிக் கையைக் காட்டியபோது, தெரணியகலைப் பக்கமிருந்து வந்த ஓர் ஆட்டோ நின்றது. முன்கண்ணாடியில் பச்சை எழுத்தில் ‘இப்ராஹிம்’ என்று ஒட்டியிருந்தது.

“இந்தச் சேத்துல வண்டி போகுமா நானா?” என்று, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கும் முறையில் கேட்டான்.

டிரைவர் சிரித்தார். “கைக்கு வந்து ஒரு மாசங்கூட ஆகலீங்க. பாத்துருவோம், அம்மாவ ஏத்துங்க.”

வளைவுக்கு வளைவு “முருகா, முருகா” என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் ஆட்டோவைச் சேற்றில் நீந்தவிட்டார். ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோன கொஞ்ச நேரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார் டாக்டர்.

கேதீசன் வெளியே ஓடிவந்து டிரைவரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “எம் மகனுக்கு ஒங்க பேருதான். இது சத்தியம்!” அவர் கூச்சத்தில் நெளிந்தார். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, அடுத்த ஹயருக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார்.

சத்தியம் செய்வது சுலபம், அப்பாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கேதீசன் கடைவீதிக்குப் போய் மளிகைக்கடை ஸம்சுதீனிடம் பெயரின் பூர்வீகத்தையே விசாரித்து வந்திருந்தான். இப்போது அதை அவிழ்த்தான்.

“அது ரொம்பப் பழைய பேராம் கோபிகா. முஸ்லிம் ஆளுங்களுக்கு இப்ராஹிம் நபி, வேதக்காரங்களுக்கு ஆபிரகாம். விருந்தாளி இல்லாம ஒரு வாய் சாப்பிட மாட்டாராம். அப்பாகிட்ட சொல்லு.”

குழந்தையை நிறுக்க வந்திருந்த மருத்துவமாது சோமா நோனாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “எங்க சீயா பேரும் அதுதானே! ஏபிரகாம் சிஞ்ஞோ!” என்று தன் தாத்தாவையும் சபைக்கு இழுத்துவிட்டாள்.

“அப்பிடின்னா நாட்டுல எல்லாருக்கும் ஆகுற பேருதான்” என்றார் வேலாயுதம். “எம் பேருதான் யாருக்கும் ஆகாமப் போச்சு.”

கேதீசனுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் சொன்ன சொல் மாறாதே என்று அவனை வளர்த்தவரும் அவர்தானே? “நமக்காக நம்ம சாமியக் கூப்பிட்ட மனுசன்ப்பா அவரு” என்று, சண்டையை மறந்து நேராகவே சொல்லிப் பார்த்தான். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

அப்போது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாக டிரைவர் இறங்கினார். அவரைப் பாயில் உட்காரவைத்து, கோபிகா குழந்தையை அவர் மடியில் கிடத்தினாள்.

“எம் பேர வைக்கப் போறதா நீங்க போன்ல சொன்னப்ப எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க” என்றார் அவர். “ஆனா பழைய காலத்துப் பேரு. இந்தக் காலத்துப் புள்ளைக்கு எடுபடுமா?”

“எடுபடும் நானா. நீங்க சொல்லுங்க.”

வேலாயுதம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். அதைக் காதால் கேட்க அவருக்கு மனசில்லை. அவர் வாசற்படியில் கால் வைக்கவும், டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு குழந்தையின் காதருகே குனியவும் சரியாக இருந்தது.

“வேலாயுதம். வேலாயுதம். வேலாயுதம்.”

படியில் வைத்த கால் வைத்தபடி நின்றது. சோமா நோனா வாயைப் பிளந்தாள். கேதீசன் ஆட்டோவைக் கை காட்டினான்.

“என்ன நானா, அது எங்கப்பா பேரு! ஒங்க பேரு... அந்தா, கண்ணாடியில போட்டிருக்கே!”

டிரைவர் வாசலைப் பார்த்தார், மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார், திருதிருவென்று விழித்தார்.

“அது எனக்கு வண்டிய வித்தவரு பேருங்க, இன்னும் சுரண்டல. நீங்க எம் பேரத்தானே வைக்கச் சொன்னீங்க?”